அரை மணி நேரத்தைக் கடப்பது

"சாகணும்னு முடிவு பண்ணிட்டவனை யாரு தடுக்க முடியும்? ஒண்ணை ஒளிச்சு வச்சா இன்னொண்ணைத் தேடிக்குவான்." கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் இந்தப் பேச்சைச் சாவு வீட்டு வாசலில் கேட்டிருப்பார்கள். சொல்பவர் கல்நெஞ்சர் அல்லர். காப்பாற்றியிருக்கலாமோ என்ற எண்ணம் அந்த வீட்டாரை அரிக்கிறது; அரிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார்.

ஆறுதலாகச் சொன்னாலும் அதற்குள் ஓர் அறிவியல் கூற்று இருக்கிறது. சாகும் எண்ணம் வந்துவிட்டால் அது உறுதியானது, அருகில் என்ன இருக்கிறது என்பது முடிவை மாற்றாது என்பதே அது. இதைச் சோதித்துப் பார்க்க முடியும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளின் மனநல மருத்துவத் துறைகள் சோதித்தும் விட்டன. கூற்று தவறு என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. தோட்டத் தமிழர் வாழ்க்கையோடு இதற்கு நெருங்கிய உறவு இருப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். 1917ல் ஆன்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை உருவாக்கினார். ரப்பரானாலும் செம்பனையானாலும் தோட்டத்துக்குத் தீராத தொல்லை புல். மழை நாட்டில் லாலான் புல் ஒரு வாரம் சும்மா இருக்காது. 1962ல் சந்தைக்கு வந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி தோட்ட முதலாளிகளுக்கு வரமாகத் தெரிந்தது. பச்சையாக இருக்கும் பாகத்தை மட்டும் அது கருக்கும். முற்றிய மரப்பட்டையை ஒன்றும் செய்யாது. மண்ணில் பட்டதும் மண்துகளோடு இறுகி வீரியம் இழந்துவிடும். மரத்தைச் சுற்றி வட்டமாக அடித்துவிட்டால் புல் கருகும், மரம் நிற்கும். விலையும் குறைவு.

முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவர்களுடைய மூக்கில் இரத்தம் வடிந்ததையும், நகங்கள் கெட்டதையும், தோல் புண்ணானதையும் ஐரீன் பெர்னாண்டஸின் தெனகனித்தா அமைப்பு 2002ல் அறிக்கையாக வெளியிட்டது. இது வேலையிடத்து நச்சு. இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் இருந்தது. கிடங்கில் இருக்க வேண்டிய சரக்கு, சிறு தோட்டக்காரர் வீட்டுப் பின்கட்டிலும் காய்கறிப் பாத்தி ஓரத்திலும் பழைய பாட்டில்களில் இருந்தது. மாற்று மருந்து இல்லாத நச்சு ஒன்று, கோபமும் கண்ணீரும் நிகழும் அதே வீட்டுக்குள் இருந்தது.

இனி மனத்தைப் பற்றிப் பார்ப்போம்.

நச்சியல் மருத்துவர் மைக்கேல் எடில்ஸ்டனும் அவருடைய குழுவினரும் இலங்கையின் வடமத்திய மாகாண மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் பணியாற்றினார்கள். பூச்சிக்கொல்லியால் உயிருக்குப் போராடிப் பிழைத்தவர்களிடம் அவர்கள் கேட்ட கேள்விகள் மிக எளிமையானவை. இந்த முடிவை எப்போது எடுத்தீர்கள்? ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? 2006ல் வெளியான விடைகள் பலரைத் திடுக்கிட வைத்தன. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எண்ணம் தோன்றியதற்கும் செயலுக்கும் இடையே அரை மணி நேரம்கூட இல்லை. "ஏன் இது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் சொன்ன பதில், அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பதே. எது எவ்வளவு கொடியது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு சண்டை, ஓர் அவமானம், பொறுக்க முடியாத ஒரு சொல், அப்போது கண்ணில் பட்ட ஒரு புட்டி. நாள்கணக்கில் திட்டமிட்ட முடிவு என்று நாம் கற்பனை செய்வது பலர் விஷயத்தில் உண்மையாக இருக்கவில்லை.

இதை மனநல மருத்துவர்கள் உந்துதல் என்கிறார்கள். தஞ்சோங் காராங் கரையோரம் வாழ்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே வயல்களும் வீடுகளும் கடல்மட்டத்தை ஒட்டியே கிடக்கின்றன. கடல் ஏறும்போது மதகை அடைப்பார்கள், வற்றும்போது திறப்பார்கள். மதகு கடலை வற்றவைப்பதில்லை. ஏற்றம் நிற்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு உப்புநீரை வெளியே நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில மணி நேரம்தான் வயலைக் காக்கிறது. உந்துதலும் ஏறி இறங்குவது. உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கைக்கு எட்டும் பொருள் எது என்பதே பல சமயம் வாழ்வையும் சாவையும் பிரிக்கிறது. கொடிய பொருளைக் கைக்கு எட்டாமல் செய்து உயிர் காக்கும் முறையை இங்கே வழியடைப்பு என்று அழைப்போம்.

ஒரு நல்ல ஆய்வாளர் இந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார். பிழைத்தவர்கள் சொன்னதை வைத்து இறந்தவர்களைப் பற்றி முடிவுகட்டலாமா? இறந்தவர்கள் நீண்ட நாள் திட்டமிட்டவர்களாக இருந்திருக்கலாமே? பிழைத்தவரும் வெட்கத்தில் "திடீரென்று தோன்றியது" என்று சொல்லியிருக்கலாமே? நியாயமான கேள்விகள். அதனால் ஆய்வு இன்னொரு வழியில் போனது.

தடுக்கப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் 1978ல் இதைப் பின்தொடர்ந்தார். சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற பாலத்தில் 1937 முதல் 1971 வரை கடைசி நொடியில் பிடித்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பெயர்களை இறப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார். ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கைக் காரணங்களால் இறந்திருந்தார்கள். "இன்னொண்ணைத் தேடிக்குவான்" என்பது உண்மையாக இருந்தால் இந்த எண் வந்திருக்க முடியாது. இதிலும் ஓட்டை கண்டுபிடிக்கலாம். தடுக்கக்கூடிய நிலையில் நின்றவர்கள் முதலிலேயே தயக்கம் உள்ளவர்களாக இருந்திருக்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்க, யாரைத் தடுப்பது என்று எவரும் தேர்ந்தெடுக்காத ஒரு நிகழ்ச்சி வேண்டும். நாட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒரு கொடிய பொருள் இல்லாமல் போக வேண்டும், அதுவும் தற்கொலைத் தடுப்பு என்ற எண்ணமே இல்லாமல். ஆய்வாளர் திட்டமிடாமல் வாழ்க்கையே நடத்திக்காட்டும் இத்தகைய சோதனைக்கு இயற்கைச் சோதனை என்று பெயர். பிரிட்டனில் அது நடந்தது. நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய சமையல் எரிவாயுவில் நச்சு வாயு மிகுதியாக இருந்தது. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் செலவு குறைவு என்பதற்காக அதை நச்சில்லாத வாயுவாக மாற்றினார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1963ல் ஏறத்தாழ 5,700 ஆக இருந்த தற்கொலை இறப்புகள் 1975ல் ஏறத்தாழ 3,700 ஆயின. அதே காலத்தில் பல ஐரோப்பிய நாடுகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. எடின்பரோவின் நார்மன் கிரைட்மன் 1976ல் இதை எழுதியபோது பல மனநல மருத்துவர்களுக்கே நம்பச் சிரமமாக இருந்தது. மனச்சோர்வைத் தொடாமல் அடுப்பை மாற்றியதால் உயிர்கள் பிழைக்குமா என்று கேட்டார்கள். பிழைத்தன.

இலங்கை இதைவிடப் பெரிய சான்று. 1995ல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அன்றைய உலகின் மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் பூச்சிக்கொல்லி. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று முதல் வகுப்பில் வைத்த பூச்சிக்கொல்லிகளில் எஞ்சியிருந்தவற்றை இலங்கை 1995ல் தடை செய்தது. 1998ல் எண்டோசல்ஃபான் போனது. 2008க்கும் 2011க்கும் இடையில் பாராகுவாட் உட்பட இன்னும் சில படிப்படியாக நீங்கின. ஒவ்வொரு தடைக்குப் பின்னும் இறப்பு வீதம் இறங்கியது. இருபது ஆண்டுகளில் 70 விழுக்காடு சரிவு. 1995க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

வேறு காரணம் இருக்காதா? போர், வேலையின்மை, மது, மணமுறிவு? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கன்னலும் இலங்கை ஆய்வாளர்களும் 2007ல் இவை ஒவ்வொன்றையும் ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தார்கள். எதனோடும் சரிவு ஒத்துப்போகவில்லை. தடைகளோடு ஒத்துப்போனது.

எனக்கு இந்த ஆய்விலேயே மிக முக்கியமாகப் படுவது இன்னொரு எண். இறப்புகள் சரிந்த அளவுக்கு, தனக்குத் தானே நஞ்சூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை சரியவில்லை. அதாவது துயரம் குறையவில்லை. வீட்டுச் சண்டையும் கடனும் அவமானமும் அப்படியே இருந்தன. மக்கள் முன்போலவே உந்துதலுக்கு ஆளானார்கள். மாறியது ஒன்றுதான்: மருத்துவமனைக்கு வந்தவர்களில் கூடுதலானோர் வீட்டுக்குத் திரும்பினார்கள். நூறு பேர் முயன்றால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கை உயிரிழப்பு வீதம் என்கிறோம். ஒரே கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மருந்துகளுக்கு இடையில் இந்த வீதம் பலமடங்கு வேறுபடும். வாங்குகிறவருக்கு அது தெரியாது. அவர் பிழைப்பாரா என்பதை அவருடைய மன உறுதி தீர்மானிக்கவில்லை. எதை விற்கலாம் என்று பூச்சிக்கொல்லிப் பதிவு அதிகாரிகள் கையெழுத்திட்ட பட்டியலே தீர்மானித்தது.

தடை செய்யாமல், பூட்டி வைத்தால் போதாதா? விவசாயிக்கும் தோட்டக்காரருக்கும் தொல்லை இல்லாத வழி இது. பூச்சிக்கொல்லி நிறுவனங்களுக்கும் பிடித்த வழி. சென்னையில் 1986ல் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இதை முயன்றார். வங்கிப் பெட்டகம் போல, ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டுப் பெட்டி கொண்ட பொதுக் கிடங்கை ஊருக்குள் அமைத்தார்கள். 2013ல் வெளியான முடிவு நம்பிக்கை தந்தது. கிடங்கு வைத்த ஊர்களில் இறப்புகள் குறைந்தன. ஆனால் ஊர்கள் மிகச் சில. நான்கைந்து ஊர்களில் எண்ணிக்கை தற்செயலாகவும் ஏறி இறங்கும்.

பெரிய சோதனை இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் நடந்தது. 180 கிராமங்கள், 53,000க்கும் மேற்பட்ட வீடுகள். எந்த ஊருக்குப் பூட்டுப் பெட்டி, எந்த ஊருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஆய்வாளரின் விருப்பமோ ஊர்த் தலைவரின் செல்வாக்கோ நுழையாமல் இருக்கத்தான் குலுக்கல். பாதி ஊர்களில் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: வேறுபாடு இல்லை. பெட்டி பெற்ற ஊர்களிலும் பெறாத ஊர்களிலும் நஞ்சு நிகழ்வுகள் ஒரே அளவில்தான் இருந்தன. நாளாக ஆகப் பூட்டும் பழக்கம் தளர்ந்திருந்தது. சாவி வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது. காட்டுமன்னார்கோயிலில் பொருள் வீட்டை விட்டு வெளியே போனது, அனுராதபுரத்தில் வீட்டுக்குள் இடம் மட்டும் மாறியது என்று நான் இதைப் படிக்கிறேன். பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் செலவான ஒரு யோசனை பலிக்கவில்லை என்று மறைக்காமல் வெளியிட்ட அந்தக் குழுவினரை மதிக்க வேண்டும். அவர்கள் மறைத்திருந்தால் இன்று பல நாடுகள் தடைக்குப் பதிலாகப் பெட்டி விநியோகித்துக்கொண்டிருக்கும்.

மலேசியாவுக்கு வருவோம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் (யு.கே.எம்.) மனநல மருத்துவத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய தம்பு மணியம், கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் ஆராய்ந்து 1988ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதினார். காய்கறித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் நிறைந்த மலை அது. இந்திய வம்சாவளியினர் தங்கள் மக்கள்தொகைப் பங்குக்கு மீறி அந்தக் கணக்கில் இருந்தார்கள். வேளாண் நச்சுகளே முன்னின்றன. பிற்காலத்தில் தேசியத் தற்கொலைப் பதிவேடு வந்தபோதும் நாடு முழுவதும் இந்தியர்களின் வீதமே உயர்ந்து நின்றது.

"நம்ம ஆளுங்க உணர்ச்சிவசப்படுறவங்க" என்று இதற்கு உடனே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறோம். இந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. தோட்டத்து வறுமை, சம்சு சாராயம், வீட்டுக்குள் அடி, தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் தத்தளிப்பு எல்லாம் இதில் உண்டு. அவற்றோடு, மற்றவர்களைவிட நமக்குக் கொடிய நச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குணத்தைக் குற்றம் சொல்லும்போது கிடங்கைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

மணியத்தின் இன்னொரு ஆய்வு எண்களையே கேள்வி கேட்டது. 1966 முதல் 1990 வரையிலான இறப்புப் பதிவுகளை அவர் எடுத்துப் பார்த்தார். தற்கொலை என்று பதிவானவை குறைந்துகொண்டே போயின. "காரணம் தீர்மானிக்கப்படாத வன்மரணம்" என்று பதிவானவை ஏறிக்கொண்டே போயின. ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு இறப்புகள் இடம் மாறியிருந்தன. சரியாகக் கணக்கிட்டால் உண்மையான வீதம் லட்சத்துக்கு 8 முதல் 13 வரை இருக்கலாம் என்று 1995ல் எழுதினார். அரசுக் கணக்கைவிட அது பலமடங்கு. காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. ஊர்ப்புறத்தில் பல இறப்புகளுக்கு மருத்துவர் அல்லாதவரே காரணம் எழுதினார். குடும்பமும் மானத்துக்கு அஞ்சியது. தண்டனைச் சட்டம் 309வது பிரிவின்படி முயற்சி குற்றமாகவும் இருந்ததால், பிழைத்தவர்கூட மருத்துவரிடம் "தெரியாம குடிச்சிட்டேன்" என்றே சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிரிவு 2023ல்தான் நீக்கப்பட்டது. எண்ணாத இறப்பைத் தடுக்க எந்த அமைச்சும் பணம் ஒதுக்காது. ஆகவே இந்தச் சட்டத் திருத்தத்தை நான் அறிவியலுக்கும் கிடைத்த வெற்றி என்றே கருதுகிறேன்.

பாராகுவாட்டின் கதை மலேசியாவில் நேர்கோட்டில் போகவில்லை. 2002ல் அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. மருந்து அடித்த பெண்களின் உடல்நலத்துக்காக நடந்த போராட்டம் அதற்குப் பெரிய காரணம். செம்பனைத் துறைக்கு மலிவான மாற்று இல்லை என்ற வாதம் வலுத்து, 2006ல் தடை விலகியது. மீண்டும் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. வந்து, போய், திரும்பி வருவதற்குள் பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை நீக்கியபின் நெல் விளைச்சல் விழுந்ததா என்று 2008ல் கணக்குப் பார்த்தார்கள், விழவில்லை. கோலசிலாங்கூரிலும் 2020க்குப் பிறகு செம்பனை காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மனநல மருத்துவம் என்றால் அறைக்குள் உட்கார்ந்து பேசுவதும் மாத்திரை எழுதுவதும் என்று நினைக்கிறோம். அவை வேண்டியவை. மனச்சோர்வும் மதுப் பழக்கமும் சிகிச்சையால் தீரக்கூடியவை. தீர்க்கப்பட்டால் உந்துதல் வருவதே குறையும். ஆனால் தோட்டத்து லயத்தில் சண்டை நடந்த அந்த இரவில் மருத்துவர் பக்கத்தில் இல்லை. வேளாண் துறையின் ஒரு பட்டியலால் அந்த இரவில் வேலை செய்ய முடியும். அதனால்தான் இந்த ஆய்வுகளில் மனநல மருத்துவரோடு நச்சியல் மருத்துவரும் புள்ளியியலாளரும் பூச்சிக்கொல்லிப் பதிவாளரும் சேர்ந்து உட்காருகிறார்கள்.

வழியடைப்பை வீட்டளவிலும் செய்யலாம். தடைக்கு முன் வாங்கிய புட்டி இன்னும் சில சிறு தோட்டங்களின் கொட்டகையில் கிடக்கலாம். அதைச் சாக்கடையில் ஊற்றாமல், வட்டார வேளாண் அலுவலகத்தைக் கேட்டு ஒப்படைக்க வேண்டும். ஒருவர் கலங்கிப் போயிருக்கிறார் என்று தெரிந்தால், வீட்டிலுள்ள ஆபத்தான பொருள்களைச் சில நாள்களுக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பூட்டிச் சாவியை அலமாரியில் வைப்பது போதாது என்பதை அனுராதபுரம் காட்டிவிட்டது. அவரைத் தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்பவர் அக்காவோ மாமாவோ பக்கத்து லயத்துப் பாட்டியோ, யாராக இருந்தாலும் சரி. பேச ஆள் வேண்டுமானால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள், அல்லது நேராகத் தஞ்சோங் காராங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.